விகிதக் கணக்கு வராத வருடம்

மில் கேட்டில் கதவடைப்பு நோட்டீஸை ஒட்டிய வாரம் எனக்கு இருபத்தெட்டு வயது முடிந்து சில மாதங்கள் ஆகியிருந்தன. தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. கோயம்புத்தூரில் ஒவ்வொரு மில்லாகச் சங்கு ஊதுவது நின்றுகொண்டிருந்த காலம். எங்கள் மில்லில் நான் பஞ்சு கலக்கும் பிரிவில் மேஸ்திரி. மில் ஓடும்போது உள்ளே பக்கத்தில் நிற்பவன் பேசுவதுகூடக் காதில் விழாது. அந்த இடத்தின் கேட்டுக்கு வெளியே நின்றால் இப்போது காக்கை கத்துவது கேட்டது. முதல் மாதம் தினமும் காலையில் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய், வாட்ச்மேன் முகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்புவோம். இரண்டாம் மாதம் பாதிப் பேர்தான் வந்தார்கள். மூன்றாம் மாதம் நானும் இன்னும் நாலு பேரும். மற்றவர்கள் திருப்பூருக்கோ லேத் பட்டறைகளுக்கோ போய்விட்டார்கள்.

வீடு கணபதியில். ஒட்டி ஒட்டி ஆறு வீடுகள் இருந்த லைனில் நாலாவது. அதில் நான், என் மனைவி, மூன்று வயது மகள். எதிரே வெட் கிரைண்டர் செய்யும் பட்டறை. ஆர்டர் வந்தால் கல் தூக்கி வைக்க என்னைக் கூப்பிடுவார்கள். கூப்பிடாத நாட்கள்தான் அதிகம்.

அப்படி ஒரு பகலில் மனைவி பக்கத்து வீட்டுச் செய்தித்தாளை மடித்து எடுத்துக்கொண்டு வந்தாள். வங்கிகளுக்கு எழுத்தர் எடுக்கும் தேர்வின் அறிவிப்பு அதில் இருந்தது.

"ஏனுங்க மாமா, இதப் பாருங்க. டிகிரி இருந்தாப் போதுமாமுங்க. உங்களுக்கு வயசும் இருக்குது."

தபால் வழியில் படித்து வாங்கிய பி.ஏ. வரலாறு என் பெட்டிக்குள் கிடந்தது. வயதும் இருந்தது, ஆனால் சலுகையெல்லாம் சேர்த்தும் அந்த ஒரு முறைக்குத்தான் இருந்தது. அடுத்த அறிவிப்பு வரும்போது வரம்பைத் தாண்டியிருப்பேன்.

விண்ணப்பத்தை நான் நிரப்பிக்கொண்டிருந்தபோது அவள் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தாள். கொஞ்ச நேரம் கழித்து, "நானும் ஒண்ணு போட்டுடட்டுங்களா?" என்றாள்.

அவள் கொடுமுடிக்காரி. தினமும் ஈரோட்டுக்குப் பஸ் ஏறிப் போய் பி.எஸ்ஸி. கணிதம் படித்தவள். பி.எட். சேரலாம் என்று இருந்தவளுக்குக் கல்யாணம் முடிந்துவிட்டது. அவள் சான்றிதழும் என்னுடையது கிடந்த அதே பெட்டியில்தான் கிடந்தது. இருந்தும் அவள் கேட்டவுடன் நான் சிரித்தேன். கேலியாகச் சிரிக்கவில்லை என்று அன்றைக்கு எனக்கே சொல்லிக்கொண்டேன்.

"போடு. ரெண்டும் ஒண்ணாப் போகட்டும்."

ஒரே நாளில் இரண்டு உறைகளையும் பதிவுத் தபாலில் அனுப்பினேன்.

உக்கடத்துப் பழைய புத்தகக் கடையில் தடிமனான ஒரு கைடு கிடைத்தது. யாரோ படித்து விற்றது. ஓரமெல்லாம் பென்சிலில் டிக் போட்டிருந்தார்கள். சராசரி, சதவீதம், வட்டி எல்லாவற்றிலும் டிக் இருந்தது. 'விகிதமும் சமவிகிதமும்' என்ற அத்தியாயத்தின் மூன்றாவது கணக்கோடு பென்சில் நின்றுபோயிருந்தது. அதற்கப்புறம் புத்தகம் முழுக்க வெள்ளையாக இருந்தது. அந்த ஆள் யாராக இருந்தாலும் அவன் எந்த இடத்தில் கையை விட்டான் என்று எனக்குத் தெரிந்தது, ஏனென்றால் நானும் அதே இடத்தில்தான் விட்டேன்.

சதவீதம் எனக்கு வந்தது. வட்டியும் வந்தது. விகிதம் மட்டும் வரவில்லை. அதை விட்டுவிட்டு மேலே போகலாம் என்று பார்த்தால், கலவைக் கணக்கு, வயதுக் கணக்கு, கூட்டு வியாபாரக் கணக்கு என்று திறந்த பக்கமெல்லாம் அதுதான் வேறு சட்டை போட்டு நின்றது. நடுவில் இரண்டு புள்ளி வைத்து, இந்தப் பக்கம் ஒரு எண், அந்தப் பக்கம் ஒரு எண். மூன்றுக்கு ஒன்று என்றால் என்ன மூன்று, எதில் ஒன்று? லிட்டரா, ஆளா, வருடமா? மனைவியைக் கேட்டால் எதுவுமில்லை என்றாள்.

"எதுவும் இல்லீன்னா அப்புறம் எதுக்கு எழுதறான்?"

"பங்குங்க மாமா. மூணு பங்கு, ஒரு பங்கு. பங்கு எம்புட்டுன்னு நாமதான் கண்டுபுடிக்கோணும்."

மகளின் சிலேட்டை வாங்கிக்கொண்டு கற்றுக்கொடுத்தாள். நாற்பது லிட்டர் கலவையில் பாலும் தண்ணீரும் மூன்றுக்கு ஒன்று. இரண்டுக்கு ஒன்றாக்க எவ்வளவு தண்ணீர் சேர்க்க வேண்டும்?

"மூணு ரெண்டாகோணும். அப்பக் கொஞ்சம் பால எடுத்துட்டா ஆச்சு," என்றேன்.

"பால எங்கீங்க எடுக்கச் சொன்னாங்க? தண்ணியச் சேக்கத்தான சொன்னாங்க."

"தண்ணியச் சேத்தா ஒண்ணுதான கூடும்? மூணு எப்படி ரெண்டாகும்?"

அவள் சிலேட்டையே பார்த்தாள். பால் முப்பது, தண்ணீர் பத்து என்று எழுதினாள். முப்பது அப்படியே இருக்கட்டும், அதில் பாதி தண்ணீர் இருக்க வேண்டும், பதினைந்து, இருக்கிற பத்தைக் கழித்தால் ஐந்து என்றாள். அவள் சொல்லும்போது வெட்ட வெளிச்சமாக இருந்தது. அடுத்த கணக்கை நானாகப் போட்டபோது மறுபடியும் பாலை எடுத்துவிட்டேன்.

ஒருநாள் அவளுக்கு ஒரு யோசனை வந்தது. "மில்லுல நீங்க பண்ணுனதும் இதுதானுங்களே? அஞ்சு பேல் இந்தப் பஞ்சு, மூணு பேல் அந்தப் பஞ்சுன்னு கலக்குவீங்கன்னு சொல்லுவீங்களே. அது மாதிரி நெனச்சுக்கோங்க."

எனக்கும் உடம்பு நிமிர்ந்தது. ஐந்து பேல், மூன்று பேல் என்று பஞ்சுப் பொதிகளை எழுதி வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது, அந்த ஐந்தும் மூன்றும் எப்படி வந்தன என்று ஆறு வருடத்தில் ஒருநாளும் நான் கேட்டதில்லை. மேலிருந்து சீட்டு வரும். சீட்டில் இருக்கிறபடி பேலைப் பிரித்து அடுக்கச் சொல்வேன். கையில் எடுத்துப் பார்த்து ஈரமா காய்ந்ததா, இழை நீளமா குட்டையா என்று சொல்வேன். தேர்வில் யாரும் இழையைப் பற்றிக் கேட்கப் போவதில்லை. அந்த யோசனையும் அன்று சாயங்காலமே செத்துப்போனது.

இதைவிடத் தாங்க முடியாதது ஒன்று இருந்தது. அவளுக்கு அது பிடித்திருந்தது. குழம்பு கொதிக்கும்போது அடுப்பங்கரைச் சுவரில் கரித்துண்டால் ஏதோ எழுதுவாள். துணி அலசிக்கொண்டே உதடு அசையும். கைடில் ஒரு பக்கத்தை முடித்துவிட்டு அடுத்த பக்கத்தைத் திருப்பும்போது முகத்தில் ஒரு வெளிச்சம் வரும். கல்யாணமான நாலு வருடத்தில் அந்த முகத்தை நான் பார்த்ததில்லை. சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். நான் எழுந்து வாசலுக்குப் போய்விடுவேன்.

சுவர்க் கடிகாரத்தைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு எனக்குப் பயிற்சி வைத்தாள். ஒரு கணக்குக்கு நாற்பது நொடிக்கு மேல் கிடையாது. நான் கேள்வியைப் படித்து முடிக்கவே முப்பது ஆகும். ஒருநாள் வரிசையாக எட்டுக் கணக்கும் தப்பு. அவள் களைத்துப் போயிருந்தாள். மகள் வேறு மடியில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தாள்.

"மாமா, இது ஆறாங்கிளாஸ் கணக்குங்க," என்றாள். சொன்னதோடு, கொஞ்சமாகச் சிரித்தும்விட்டாள்.

சிலேட்டைச் சுவரில் அடித்தேன். மரச்சட்டம் பிளந்து கல் மூன்று துண்டாக விழுந்தது. மகள் பயந்து கத்த ஆரம்பித்தாள். குழந்தையின் காலில் குத்திவிடும் என்று மனைவி முட்டி போட்டுத் துண்டுகளைப் பொறுக்கினாள். பட்டறையில் கிரைண்டர் ஓட்டிப் பார்க்கும் சத்தம் ஓய்ந்திருந்ததால், எதிரே இருந்தவர்கள் எல்லோருக்கும் கேட்டிருக்கும். வெளியே போக வெட்கமாக இருந்தது. உள்ளே இருக்கவும் முடியவில்லை.

மறுநாள் காலையில் அவள்தான் சொன்னாள். "பாப்பாவ அக்கா ஊட்டுல உட்டுட்டு வரலாமுங்க. பரிச்ச முடியற மட்டும்."

அவளுடைய அக்காவைக் கொடுமுடியிலேயே கட்டிக்கொடுத்திருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை மூவரும் போனோம். மகள் பஸ்ஸில் வழியெல்லாம் பாடிக்கொண்டு வந்தாள். அக்கா வீட்டில் அவள் வயதுக் குழந்தை ஒன்று இருந்ததால் இறங்கியதுமே விளையாடப் போய்விட்டாள். நாங்கள் கிளம்பியது அவளுக்குத் தெரியாது.

பஸ்ஸுக்கு நேரம் இருந்தது. கோவிலுக்குப் போய்விட்டு ஆற்றுப் படிக்குப் போனோம். மனைவி விளக்குப் போட்டுவிட்டு வருவதாகச் சொல்லி உள்ளேயே நின்றுகொண்டாள். நான் மட்டும் தண்ணீருக்குப் பக்கத்தில், கடைசிப் படிக்கு மேல் படியில் உட்கார்ந்தேன். காவிரியில் தண்ணீர் நிறையப் போய்க்கொண்டிருந்தது. மில் திறக்காது. பரீட்சை தேறாது. சொந்த மகளை இன்னொருவர் வீட்டில் விட்டுவிட்டுத் திருட்டுத்தனமாகக் கிளம்பியாயிற்று. அந்தப் படியில் எனக்கு வந்த எண்ணத்தை இதுவரை நான் யாரிடமும் சொன்னதில்லை. இங்கேயும் முழுதாகச் சொல்ல முடியவில்லை. எவ்வளவு நேரம் இருந்தேனோ, தண்ணீர் கால் விரலைத் தொட்டுத் தொட்டுப் போனது நினைவிருக்கிறது.

அவள் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். என் முகத்தைப் பார்த்தாள். என் சட்டையின் கீழ் நுனியை எடுத்துத் தன் கைக்குள் சுருட்டிக்கொண்டாள், குழந்தைகள் கூட்டத்தில் பிடித்துக்கொள்வதைப் போல.

"வெசனப்படாதீங்க மாமா. எந்திரிங்க. பஸ்ஸு போயிரும்."

எழுந்தேன். பஸ் நிறுத்தம் வரைக்கும் சட்டையை அவள் விடவில்லை.

அந்தப் பஸ்ஸில்தான் எனக்கு ஒரே ஒரு வகைக் கணக்கு வந்தது. அதையும் சொல்ல வேண்டும். ஏ-யும் பி-யும் இரண்டுக்கு மூன்று, பி-யும் சி-யும் நாலுக்கு ஐந்து, மூவருக்கும் என்ன விகிதம் என்பது. நான் எப்போதும் இரண்டுக்கு மூன்றுக்கு ஐந்து என்று எழுதிவிடுவேன். அவள் பஸ் டிக்கெட்டின் பின்பக்கத்தில் எழுதிக் காட்டினாள்.

"நடுவால நிக்கிற பி ஒரே ஆளுதானுங்க. இந்தப் பக்கம் சொந்தபந்தம், ஒறம்பரைக்காரங்க அவர மூணுன்னு கூப்புடறாங்க. அந்தப் பக்கம் நாலுன்னு கூப்புடறாங்க. ரெண்டு பக்கத்துக்கும் பொதுவா ஒரு பேரு வெச்சுப்போடுங்க. பன்னெண்டுன்னு."

எட்டு, பன்னிரண்டு, பதினைந்து. ஈரோடு வருவதற்குள் அந்த மாதிரி ஐந்து போட்டேன். ஐந்தும் சரி. அவள் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அழுதாளா என்று நான் பார்க்கவில்லை.

தேர்வுக்கு முன்னால் மூன்று வாரம், குழந்தை இல்லாத வீட்டில் பகலெல்லாம் எதிரெதிரே உட்கார்ந்து படித்தோம். அவள் மேலே மேலே போனாள். எனக்குப் பத்துக்கு மூன்று சரியாக வந்தது, சில நாள் நாலு. மூன்றிலிருந்து நாலுக்குப் போகும்போது தேறிவிடுவேன் என்று தோன்றும். மறுநாள் இரண்டுக்கு இறங்குவேன்.

நுழைவுச்சீட்டு வந்தபோது பார்த்தால் எங்கள் எண்கள் அடுத்தடுத்து. சேர்த்து அனுப்பியதால் அப்படி வந்திருக்கலாம். ஒரே பள்ளிக்கூடம், ஒரே அறை. எனக்குப் பின் பெஞ்சில் அவள். அவளுக்கு அது விளையாட்டுப் போல இருந்தது. பின்னாலிருந்து பென்சிலால் குத்துவேன் என்று சொன்னாள். நானும் சிரித்துவைத்தேன். ஆனால் அன்றிலிருந்தே என் மனதில் ஒரு திட்டம் ஓட ஆரம்பித்துவிட்டது என்பதை மறைக்க விரும்பவில்லை. வாய்விட்டு அவளிடம் கேட்கவில்லை. கேட்டால் மாட்டேன் என்று சொல்லிவிடுவாளோ என்ற பயம். கேட்காமலே காட்டுவாள் என்ற நம்பிக்கை. என் மனைவி, எனக்குக் காட்டாமல் வேறு யாருக்குக் காட்டுவாள்?

தேர்வு நாளன்று காலையில் நல்ல குளிர். கேள்விப் புத்தகம் கொடுத்தார்கள். விடைத்தாளில் ஐந்து ஐந்து வட்டங்கள், சரியானதை ஹெச்.பி. பென்சிலால் கறுப்பாக்க வேண்டும். ஆங்கிலத்தை எப்படியோ கடந்தேன். கணக்கில் முதல் இருபதும் மோசமில்லை. பிறகு அவை வந்தன. ஒன்றன்பின் ஒன்றாக, வரிசையாக.

முதலாவது அந்த ஏ, பி, சி கணக்கு. போட்டேன். சந்தோஷத்தில் வட்டத்தை இரண்டு தடவை கறுப்பாக்கினேன். அடுத்தது வயது. இருவரின் வயது ஐந்துக்கு மூன்று. ஆறு வருடம் கழித்து மூன்றுக்கு இரண்டு. இப்போது பெரியவரின் வயது என்ன? ஓரத்தில் போட்டுப் பார்த்தேன். பதினொன்று வந்தது. கொடுத்திருந்த நாலு விடைகளில் பதினொன்று இல்லை. ஐந்தாவதாக 'இவற்றுள் எதுவுமில்லை' என்று இருந்தது. அந்த வட்டம் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தது. திரும்பவும் போட்டேன். இந்தத் தடவை இருபத்தாறரை. அறையில் எல்லோருடைய தாளும் புரளும் சத்தம் கேட்டது. பின்னால் அவளுடைய பென்சில் விட்டுவிட்டு, ஒரே சீராக உரசிக்கொண்டிருந்தது. எனக்கு முன்னால் இன்னும் ஆறு விகிதக் கணக்குகள். கண்காணிப்பாளர் ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தார்.

திரும்பிப் பார்த்தேன்.

அவள் நிமிர்ந்தாள். என் கண் அவள் விடைத்தாளுக்குப் போவதைப் பார்த்தாள். சட்டென்று கேள்விப் புத்தகத்தைத் தூக்கி அட்டையை என் பக்கமாக நிறுத்தினாள். விடைத்தாள் அதற்குப் பின்னால் மறைந்துவிட்டது. இல்லை என்பதுபோலத் தலையை ஆட்டினாள்.

"ஏப்பா, முன்னால பாரு," என்று கண்காணிப்பாளர் குரல் வந்தது. பக்கத்தில் வந்துவிட்டார். "இன்னொருக்காத் திரும்புனா பேப்பர வாங்கிருவேன். ஏம்மா, நீ எதுக்குப் புத்தகத்தத் தூக்கிப் புடிக்கற? கீழ வை."

அறை முழுக்க எங்களைப் பார்த்தது. எனக்கு முகமெல்லாம் தீயாக எரிந்தது. அதன் பிறகு எந்தக் கேள்வியையும் நான் படித்ததாகச் சொல்ல முடியாது. மிச்சமிருந்த கணக்குகளுக்கெல்லாம் வரிசையாக ஐந்தாவது வட்டத்தைக் கறுப்பாக்கினேன். எதுவுமில்லை, எதுவுமில்லை, எதுவுமில்லை.

வெளியே வந்தபோது வெயில் ஏறியிருந்தது. டவுன் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அந்த வயசுக் கணக்கு முப்பதுதானுங்களே மாமா?"

"பேசாம வா."

பேசாமல் வந்தாள். என் கோபம் எதனால் என்று அவளுக்குத் தெரிந்திருக்கும் என்று நான் நினைத்தேன். பரீட்சை சரியாக எழுதாத கோபம் என்று அவள் நினைத்திருக்கிறாள்.

மகளைக் கூட்டிவந்தோம். நாட்கள் போயின. நாலு மாதத்துக்கு மேல் எனக்குள்ளேயே அவள்மேல் ஒரு வழக்கு நடத்தினேன். சோறு போட்டால் சாப்பிடுவேன், கேட்டால் பதில் சொல்வேன், அவ்வளவுதான். தான் மட்டும் தேற வேண்டும் என்று மறைத்தவள். நான் தோற்க வேண்டும் என்று நினைத்தவள். கிரைண்டர் கல்லைத் தூக்கும்போதெல்லாம் இதையே சொல்லிச் சொல்லித் தூக்கினேன். ஒருமுறை அவள், "நான் ஏதாச்சும் தப்புப் பண்ணிப்போட்டனுங்களா?" என்று கேட்டாள். "நீ ஏன் தப்புப் பண்ணப் போற," என்று சொல்லிவிட்டுச் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டேன்.

தேர்ச்சி பெற்றவர்களின் எண்கள் பேப்பரில் வந்த அன்று நான் டீக்கடையில் இருந்தேன். எறும்பு ஊர்வதுபோல எண்கள். விரல் வைத்துப் போனேன். என் எண் இருக்க வேண்டிய இடத்தில் அவளுடைய எண் இருந்தது. அவளுடையதற்கு முன்னால் யாரோ, பின்னால் யாரோ. மறுபடியும் பார்த்தேன். மறுபடியும் அதேதான்.

சொல்லியிருந்த டீயைக் குடிக்காமலே எழுந்து கணபதி பஸ் நிறுத்தத்துக்கு வந்து உட்கார்ந்தேன். உச்சி வெயிலில் உட்கார்ந்தவன் பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளைகள் வரும் வரைக்கும் அங்கேயே இருந்தேன். சொல்லாமல் விட்டுவிட்டால் என்ன என்று யோசித்தேன். நேர்முகத் தேர்வுக்குக் கடிதம் வரும். தபால்காரரை வழியிலேயே பார்த்து வாங்கிவிடலாம். இதை எந்தப் பதற்றமும் இல்லாமல், வேலை ஒன்றைத் திட்டமிடுவதுபோல யோசித்தேன். எந்தத் தெருமுனையில் நிற்பது என்பது வரைக்கும் போனேன். அங்கே வந்ததும்தான் என்மேல் எனக்கே பயம் வந்தது. எழுந்து வீட்டுக்கு நடந்தேன்.

அவள் முறத்தில் அரிசி பார்த்துக்கொண்டிருந்தாள். மகள் தூங்கிக்கொண்டிருந்தாள்.

"உன் நம்பர் வந்திருக்குது," என்றேன்.

முறத்தைக் கீழே வைத்தாள். "உங்களுது?"

"இல்ல."

அவள் எழுந்திருக்கவில்லை. சந்தோஷப்படலாமா கூடாதா என்று தெரியாமல் என் முகத்தையே பார்த்தாள். அந்தப் பார்வையைப் பார்த்ததும் உள்ளே இருந்ததெல்லாம் வெளியே வந்துவிட்டது.

"அன்னைக்கு நீ காட்டியிருந்தீன்னா ரெண்டு நம்பரும் வந்திருக்கும். புத்தகத்த வெச்சு மறச்சுட்டியே."

"எத மறச்சனுங்க?"

"பேப்பர. நான் திரும்பறேன், நீ அட்டையத் தூக்கி மறைக்கற."

அவள் வாயில் கையை வைத்துக்கொண்டாள்.

"அய்யோ மாமா, அது மறைக்கறதுக்கில்லீங்க. அட்டையில எழுத்துப் போட்டிருந்துச்சே, நீங்க பாக்கலீங்களா? உங்களுக்கு பி. எனக்கு டி. பக்கத்துப் பக்கத்துல இருக்கறவங்களுக்குக் கேள்விய முன்னபின்ன மாத்திப் போட்டுக் குடுத்திருந்தாங்க. என்னுதப் பாத்து எழுதியிருந்தா உங்களுக்கு அத்தனையும் தப்பாப் போயிருக்குமுங்க. சரியாப் போட்டதும் கெட்டுப்போயிருமேன்னுதான் அந்த எழுத்தக் காட்டுனேன்."

அட்டையில் எழுத்து இருந்ததா? இருந்தது. விடைத்தாளில் அந்த எழுத்துக்கு ஒரு வட்டம் இருந்ததும், என் கையாலேயே பி-யைக் கறுப்பாக்கியதும் இப்போது நினைவுக்கு வந்தது.

"இதத்தான் இத்தன மாசமா நெனச்சுட்டிருந்தீங்களா?" அவள் குரல் மாறிவிட்டது. அவளுக்குக் கோபம் வந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். "பேசாம, சிரிக்காம, புள்ளையக்கூடத் தூக்காம. அதுக்கப்புறம் அந்தாளு என் பக்கத்துலயே நின்னுட்டாருங்க. நாலஞ்சு கணக்கு அப்படியே உட்டுப்போட்டேன். அதையெல்லாம் உங்ககிட்டச் சொல்லி அழுகோணும்னு அன்னைக்கு பஸ்ஸுல வந்தேன். பேசாம வான்னுட்டீங்க."

சொல்லிவிட்டு முறத்தை எடுத்து மறுபடியும் அரிசி பார்க்க ஆரம்பித்தாள். கல் எது அரிசி எது என்று தெரிந்திருக்காது, கண் அப்படி நிறைந்திருந்தது. நான் வாசலில் போய் நின்றேன். அன்றைக்கு மன்னிப்புக் கேட்கவில்லை. எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை.

நேர்முகத் தேர்வு சென்னையில். துணைக்கு நான் போனேன். ரயில் காட்பாடி தாண்டியபோது மன்னிப்புக் கேட்டேன். திக்கித் திக்கி, பஸ் நிறுத்தத்தில் தபால்காரரைப் பற்றி நினைத்தது வரைக்கும் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அத எதுக்குங்க சொன்னீங்க?" என்று மட்டும் சொன்னாள். பிறகு சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்து எனக்குப் பாதி வைத்தாள். அதை மன்னிப்பு என்று எடுத்துக்கொள்வதா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அந்த ஒன்றை மட்டும் அவள் மறக்கவில்லை. எப்போதாவது நான் கடிதங்களைப் பிரித்து வைத்தால் ஒரு நொடி என்னைப் பார்ப்பாள்.

வேலை கிடைத்தது. பெருந்துறைப் பக்கம் ஒரு கிளையில் போட்டார்கள். கணபதி வீட்டைக் காலி செய்துகொண்டு அங்கே போனோம். மில் அதற்கப்புறம் திறக்கவே இல்லை.

அவள் சேர்ந்த நாளன்று நானும் மகளும் வங்கி வாசல் வரைக்கும் போனோம். நீலச் சேலை கட்டியிருந்தாள். படியேறும்போது ஒருமுறை திரும்பி, "பன்னெண்டு மணிக்குப் பாப்பாக்கு மோர் சோறு குடுத்துருங்க," என்றாள். கதவு மூடிக்கொண்டது. நான் மகளைத் தோளில் வைத்துக்கொண்டு அங்கேயே நின்றேன். காலை பத்து மணிக்கு, எல்லோரும் எங்கேயோ போய்க்கொண்டிருந்த சாலையில், போவதற்கு எனக்கு ஓர் இடமில்லை. வயது வரம்பு முடிந்திருந்தது. எந்தத் தேர்வுக்கும் இனி நான் படிக்க வேண்டியதில்லை என்ற நினைப்பு வந்தபோது ஆறுதலாக இல்லை. காலுக்குக் கீழே இருந்த தரையையும் யாரோ எடுத்துக்கொண்டதுபோல இருந்தது.

மகளைத் தூக்கிக்கொண்டு தொழிற்பேட்டைப் பக்கம் நடந்தேன். முதல் கேட்டில் ஆள் வேண்டாம் என்றார்கள். இரண்டாவது கேட்டில் குழந்தையோடு உள்ளே விட மாட்டோம் என்றார்கள். அன்றைக்கு அவ்வளவுதான். வீட்டுக்கு வந்து மோர் சோறு ஊட்டினேன். மறுநாள் மகளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டுத் திரும்பவும் போனேன். அதற்கு மறுநாளும் போனேன். ஏழோ எட்டோ நாள் கழித்து ஒரு நூல் கம்பெனி கேட்டில் வாட்ச்மேன், "என்ன வேலை தெரியுமுங்க?" என்று கேட்டார்.

"பஞ்சு பாக்கத் தெரியுமுங்க," என்றேன்.

உள்ளே கூப்பிட்டார்கள். குடோனில் ஒரு பேலைப் பிரித்து நீட்டினார்கள். ஒரு கை எடுத்து இழுத்துப் பார்த்துச் சொன்னேன். ஈரமாக இருக்கிறது, இரண்டு நாள் வெயிலில் போட்டு எடுங்கள் என்று. அங்கே பதினோரு வருடம் வேலை பார்த்தேன்.